பியன் ஹோவாவில் ஓராண்டு: களைக்கொல்லியும் படைவீரர்களின் புற்றுநோயும்

கேட்கப்பட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் டெக்சாஸில் வசிக்கும் தமிழர். அவருடைய மாமனார் அமெரிக்கர். 1968-69இல் ஓராண்டு காலம் தென்வியட்நாமின் பியன் ஹோவா விமானத் தளத்தில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவர். எழுபதுகளின் பிற்பகுதியில் இருக்கும் அவருக்கு இப்போது புராஸ்டேட் புற்றுநோய் கண்டறியப்பட்டிருக்கிறது. அது அங்கே பயன்படுத்தப்பட்ட களைக்கொல்லியால் வந்ததா, அரசு அந்த நோய்க்கு இழப்பீடு தருகிறது என்றால் காரணம் நிரூபணமாகிவிட்டது என்று பொருளா, அவருடைய மகளான தன் மனைவி தனக்காகவும் பயப்பட வேண்டுமா என்று மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார்.

உங்கள் மாமனார் ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்தக் கட்டி அந்தக் களைக்கொல்லியால்தான் வந்தது என்றோ அதனால் வரவில்லை என்றோ எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஆனால் அவருடைய இழப்பீட்டு உரிமைக்கு அப்படி யாரும் சொல்ல வேண்டிய தேவையே இல்லாதபடி 1991இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இந்த இரண்டு உண்மைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. அதைப் புரிந்துகொள்ள, அங்கே தெளிக்கப்பட்டது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானப்படை 'ராஞ்ச் ஹேண்ட்' என்ற பெயரில் தென்வியட்நாமின் காடுகள் மீதும் பயிர்கள் மீதும் ஏழு கோடி லிட்டருக்கும் அதிகமான களைக்கொல்லியையும் இலையுதிர்ப்பியையும் தெளித்தது. எதிரி மறைந்துகொள்ள மரநிழல் இருக்கக் கூடாது, உண்பதற்குப் பயிர் இருக்கக் கூடாது என்பதே நோக்கம். சுமார் 208 லிட்டர் கொள்ளும் பீப்பாய்களில் மருந்து வந்தது. எந்தப் பீப்பாயில் எந்தக் கலவை இருக்கிறது என்று அடையாளம் காண அதன் மேல் நிறப்பட்டை ஒன்று பூசப்பட்டிருந்தது. ஊதா, இளஞ்சிவப்பு, பச்சை, வெள்ளை, நீலம் என்று பல பட்டைகள் இருந்தன. மிக அதிகமாகப் பயன்பட்டது ஆரஞ்சுப் பட்டை போட்ட கலவை. 'ஏஜென்ட் ஆரஞ்சு' என்ற பெயர் அந்தப் பட்டையிலிருந்து வந்ததே தவிர, திரவத்தின் நிறத்திலிருந்து வந்ததல்ல.

அந்தக் கலவையில் 2,4-டி, 2,4,5-டி என்ற இரண்டு களைக்கொல்லிகள் ஏறக்குறையச் சரிபாதியாக இருந்தன. நஞ்சு இரண்டாவதோடு சேர்ந்து வந்தது. 2,4,5-டி தயாரிக்க முதலில் ட்ரைகுளோரோஃபீனால் என்ற பொருளைச் செய்ய வேண்டும். அந்த வினையில் வெப்பம் கட்டுப்பாட்டை மீறினால் டிசிடிடி என்ற டையாக்சின் கூடவே உருவாகிவிடும். யாரும் வேண்டுமென்று சேர்த்த பொருள் அல்ல அது; அவசரமாகவும் மலிவாகவும் பெருமளவில் உற்பத்தி செய்தபோது தங்கிவிட்ட கசடு. பத்து லட்சத்தில் சில பங்கு என்ற அளவில்தான் அது இருந்தது. தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை, ஆண்டுக்கு ஆண்டு அந்த அளவு பெரிதும் வேறுபட்டது. ஆனால் மனிதன் உருவாக்கிய நச்சுப் பொருள்களில் மிகக் கொடியவற்றில் ஒன்று அது என்பதால், சில பங்கு என்பது சிறிய அளவாகிவிடாது. 2,4,5-டி கருவில் இருக்கும் எலிக்குட்டிகளுக்கு ஊனம் உண்டாக்குவதாக ஆய்வில் தெரிந்தபின் 1970 ஏப்ரலில் ஏஜென்ட் ஆரஞ்சின் பயன்பாடு நிறுத்திவைக்கப்பட்டது.

போரில் இருந்த எல்லோருக்கும் இந்த நஞ்சு ஒரே அளவில் சேரவில்லை. சி-123 ரக விமானம் ஒன்று ஏறத்தாழ 3,800 லிட்டர் மருந்தை ஏற்றிக்கொண்டு மர உச்சிக்குச் சற்று மேலாகத் தாழப் பறந்து நாலைந்து நிமிடங்களில் அத்தனையையும் கொட்டிவிடும். கீழே சுமார் 80 மீட்டர் அகலத்தில் பதினைந்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை நனையும். அந்த விமானங்களில் மருந்தை நிரப்பியவர்களும், குழாயைப் பழுதுபார்த்தவர்களும், தளங்களைச் சுற்றியிருந்த முள்வேலி ஓரங்களில் முதுகில் கட்டிய தெளிப்பானால் புல்லைக் கருக்கிய ராணுவ வேதியியல் பிரிவினரும் கையாலும் தோலாலும் அதைத் தொட்டவர்கள். காட்டுக்குள் நடந்த காலாட்படை வீரருக்கு எவ்வளவு சேர்ந்தது என்பது அவர் எந்த நாளில் எந்தப் பட்டையைக் கடந்தார் என்பதைப் பொறுத்தது. இலைப்பரப்பின் மேல் வெயிலில் கிடக்கும் டையாக்சின் விரைவாகச் சிதைந்துவிடும். நிழல்பட்ட மண்ணிலும் குளத்துச் சேற்றிலும் பல பத்தாண்டுகள் கிடக்கும்.

உங்கள் மாமனார் இருந்த பியன் ஹோவா ராஞ்ச் ஹேண்ட் விமானங்கள் புறப்பட்ட முக்கியத் தளங்களில் ஒன்று. அங்கே பீப்பாய்கள் அடுக்கிவைக்கப்பட்டன, தொட்டிகளில் ஊற்றப்பட்டன, ஆயிரக்கணக்கான லிட்டர் மருந்து தரையில் சிந்திய நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன. காலியான பீப்பாய்களை வெட்டி இறைச்சி சுடும் அடுப்பாகவும் குளியல் தண்ணீர்த் தொட்டியாகவும் பயன்படுத்தியதாக வீரர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தளத்தின் மண் எவ்வளவு நஞ்சேறியது என்பதற்கு ஒரு சான்று போதும்: போர் முடிந்து நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2019இல்தான் அதைச் சுத்தப்படுத்தும் பணி அமெரிக்க நிதியுதவியோடு அங்கே தொடங்கியது. அதற்கு முன் டா நாங் தளத்தில் மண்ணைக் குவித்து மூடி 335 டிகிரிக்குச் சூடாக்கி டையாக்சினைச் சிதைத்தார்கள். அந்தப் பணி 2018இல் முடிந்தது.

டையாக்சின் உடலுக்குள் போனபின் கொழுப்பில் தங்குகிறது. சேர்ந்த அளவு பாதியாகக் குறைய ஏழு முதல் ஒன்பது ஆண்டுகள் ஆகும். அது கதிர்வீச்சைப் போல மரபணுவை நேரடியாக உடைப்பதில்லை. உயிரணுக்களுக்குள் 'ஏஎச் ஏற்பி' என்ற ஒரு புரதம் இருக்கிறது. டையாக்சின் அதைப் பிடித்துக்கொண்டு உயிரணுவின் உட்கருவுக்குள் நுழைந்து, எந்தெந்த மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும் என்ற ஒழுங்கைக் குலைக்கிறது. உடலால் எளிதில் சிதைக்க முடியாத பொருள் என்பதால் அந்தக் குலைவு ஒரு நாள் இரு நாளில் முடிவதில்லை, ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. வேறு ஏதோ காரணத்தால் பழுதான ஓர் உயிரணு இறந்துவிடாமல் பெருகுவதற்கு அது துணைபோகிறது. அதனால்தான் ஒரே வகைப் புற்றுநோயோடு நிற்காமல் பல உறுப்புகளில் சிறிது சிறிதாக அபாயத்தைக் கூட்டும் பொருளாக அது தெரிகிறது. அந்தத் தன்மைதான் ஆய்வாளர்களுக்கும் பெரிய சிக்கல். ஆஸ்பெஸ்டாஸ் தூசி உண்டாக்கும் மீசோதீலியோமா என்ற நுரையீரல் உறைப் புற்றுநோயைக் கண்டவுடன் காரணத்தைச் சொல்லிவிடலாம். டையாக்சினுக்கு அப்படித் தனி முத்திரை குத்திய புற்றுநோய் எதுவும் இல்லை.

டையாக்சின் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற முடிவு பெரும்பாலும் படைவீரர்களிடமிருந்து வரவில்லை, தொழிலாளர்களிடமிருந்து வந்தது என்பதைப் பலர் அறிவதில்லை. அமெரிக்காவில் இந்த வேதிப்பொருள்களைத் தயாரித்த 12 ஆலைகளில் வேலை பார்த்த 5,172 பேரை ஆராய்ந்து 1991இல் வெளியான ஆய்வில், புற்றுநோய் மரணங்கள் ஒட்டுமொத்தமாக 15 விழுக்காடு கூடுதலாக இருந்தன. ஓராண்டுக்கு மேல் அந்த வேலையில் இருந்து, தொடங்கி இருபது ஆண்டுகள் கடந்தவர்களிடம் அது 46 விழுக்காடாக உயர்ந்தது. இத்தாலியில் செவெசோ அருகே 1976 ஜூலை 10 அன்று ட்ரைகுளோரோஃபீனால் ஆலையிலிருந்து டையாக்சின் மேகம் வெளியேறி ஊர்மேல் படிந்த விபத்தும் இன்றுவரை பின்தொடரப்படுகிறது. இவற்றையும் விலங்கு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் டிசிடிடியை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியான பட்டியலில் வைத்தது.

அப்படியானால் வீரர்களிடம் ஏன் இத்தனை காலம் தெளிவு இல்லை? யாரும் அப்போது அளக்கவில்லை என்பதுதான் விடை. எந்தப் படைப்பிரிவு எந்த நாளில் எங்கே இருந்தது என்ற குறிப்புகளை வைத்து யாருக்கு எவ்வளவு மருந்து பட்டிருக்கும் என்று கணக்கிட அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் முயன்றது. அந்தக் கணக்கு சரியா என்று பார்க்க, வியட்நாமில் தரைப்படையில் இருந்த 646 பேரின் ரத்தத்தையும் அங்கே போகாத 97 வீரர்களின் ரத்தத்தையும் 1987இல் சோதித்தார்கள். இரு சாராரிடமும் டையாக்சின் சராசரியாக லட்சம் கோடியில் நான்கு பங்கு என்ற ஒரே அளவில் இருந்தது. எனவே பெரிய ஆய்வு கைவிடப்பட்டது.

அந்த முடிவை இரண்டு விதமாக வாசிக்கலாம். பெரும்பாலான தரைப்படை வீரர்களுக்கு அதிகம் படவில்லை என்பது ஒன்று. அதில் உண்மை இருக்கிறது, மறைக்கக் கூடாது. ஆனால் 1969இல் பட்டது 1987இல் அளக்கப்பட்டது. பாதியாகும் காலம் ஏழரை ஆண்டு என்று வைத்தால் பதினெட்டு ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அமெரிக்கர் எல்லோருடைய உணவிலிருந்தும் அந்தக் காலத்தில் சேர்ந்துகொண்டிருந்த டையாக்சினோடு அது கலந்து கரைந்துபோகும். இன்று உங்கள் மாமனாரின் ரத்தத்தைச் சோதித்தால் அன்று சேர்ந்ததில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆகையால் யாராவது "ரத்தத்தில் டையாக்சின் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்" என்று சொன்னால் அந்தச் செலவைச் செய்யாதீர்கள். பிற்காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜீன் ஸ்டெல்மன் குழுவினர் விமானங்களின் பறப்புப் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வரைபடத்தில் பொருத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், தெளிக்கப்பட்ட அளவு முன்பு சொல்லப்பட்டதைவிட 70 லட்சம் லிட்டர் அதிகம் என்றும், டையாக்சின் அளவும் முந்தைய மதிப்பீடுகளைவிடக் கூடுதல் என்றும் தெரிந்தது.

அதே நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1990இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு இதைவிடப் புதிரானது. வியட்நாமில் பணியாற்றியவர்களுக்கு ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் சுமார் 50 விழுக்காடு அதிகம் என்று அது கண்டது. ஆனால் அதிகம் தெளிக்கப்பட்ட பகுதிகளில் இருந்த தரைப்படையினரைவிடக் கரைக்கு அப்பால் கப்பல்களில் இருந்த கடற்படையினரிடம் அந்த அபாயம் கூடுதலாகத் தெரிந்தது. களைக்கொல்லி காரணமல்ல என்று மையம் முடிவு கட்டியது. கப்பலில் கடல்நீரைக் காய்ச்சி வடித்துக் குடிநீராக்கும்போது டையாக்சின் நீராவியோடு சேர்ந்து வந்து குடிநீரில் செறிவடையக்கூடும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2002இல் சோதனையில் காட்டினார்கள். அது விளக்கத்துக்கு ஒரு வழியே தவிர முடிந்த விடை அல்ல. முகத்துவாரங்களில் இருந்த கடல்நீரில் எவ்வளவு டையாக்சின் இருந்தது என்பதையும் அன்று யாரும் அளக்கவில்லை.

இந்த இடத்தில்தான் 1991 பிப்ரவரியில் இயற்றப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்சு சட்டம் வருகிறது. தனக்கு எவ்வளவு மருந்து பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பை வீரர் தலையில் சுமத்தினால் ஒருவராலும் அதைச் செய்ய முடியாது. அளக்கத் தவறியது அரசு, ஆதாரம் கொண்டுவா என்று கேட்கப்படுபவர் நோயாளி. எனவே வியட்நாம் மண்ணில் குறிப்பிட்ட காலத்தில் ஒரு நாளாவது பணியாற்றியவர் களைக்கொல்லிக்கு ஆளானதாகவே கொள்ள வேண்டும் என்றும், பட்டியலில் உள்ள நோய் அவருக்கு வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்றும் சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. நீதிமன்றத்தில் சாட்சியச் சட்டப்படி 'அனுமானிக்க வேண்டும்' என்று சொல்வார்களே, அதே வகை. இது அறிவியல் தீர்ப்பல்ல. நிரூபணச் சுமையை யார் சுமப்பது என்ற நீதி பற்றிய தீர்ப்பு. சரியான தீர்ப்பு என்றே நான் கருதுகிறேன்.

பட்டியலில் எந்த நோயைச் சேர்ப்பது என்று அரசுக்கு ஆலோசனை சொல்ல, தேசிய அறிவியல் கழகத்தின் வல்லுநர் குழு ஈராண்டுக்கு ஒருமுறை உலக ஆய்வுகளையெல்லாம் படித்து நான்கு படிகளில் வகைப்படுத்தியது: தொடர்புக்குப் போதிய சான்று, வரம்புக்குட்பட்ட சான்று, முடிவு சொல்லப் போதாத சான்று, தொடர்பில்லை என்பதற்கான சான்று. முதல் அறிக்கை 1994இல் வந்தது. அவர்கள் தேடியது புள்ளிவிவரத் தொடர்பைத்தான். இதுதான் காரணம் என்று நிறுவுவது அவர்களுக்கு இடப்பட்ட பணி அல்ல. இழப்பீடு பற்றிய செய்திகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் தொலைந்துபோகிறது.

போதிய சான்று என்ற மேல்படியில் இருக்கும் புற்றுநோய்கள் தசை, கொழுப்பு போன்றவற்றில் வரும் மென்திசு சார்கோமா, ஹாட்ஜ்கின் லிம்போமா, ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா, நாள்பட்ட லிம்ஃபோசைட்டிக் ரத்தப் புற்றுநோய் முதலியவை. ஒன்றைத் தவிர எல்லாம் நிணநீர், ரத்தம் சார்ந்தவை என்பதைக் கவனியுங்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயைப் பற்றி நமக்குக் கிடைத்த சான்று மிகவும் நேர்த்தியானது; அதைச் சற்று அருகிருந்து பார்ப்போம். ராஞ்ச் ஹேண்ட் விமானப்படையினரைப் பின்தொடர்ந்த அரசு ஆய்வு 1982 முதல் அவர்களுடைய ரத்த மாதிரிகளைச் சேமித்துவைத்திருந்தது. மைலோமா வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பாகவே 'எம்ஜியுஎஸ்' என்ற அறிகுறியற்ற நிலை ஒன்று ரத்தத்தில் தெரியும். அந்த நிலையில் இருப்பவர்களில் ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் அளவில் புற்றுநோய்க்கு நகர்கிறார்கள். உறைநிலையில் இருந்த அந்த மாதிரிகளில் ராஞ்ச் ஹேண்ட் வீரர்கள் 479 பேருடையதையும், தென்கிழக்காசியாவிலேயே வேறு விமானப் பணியில் இருந்த 479 பேருடையதையும் எடுத்துச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். தெளித்தவர்களில் 34 பேருக்கு அந்த நிலை இருந்தது. மற்றவர்களில் 15 பேருக்கு. வயது முதலியவற்றைச் சரிக்கட்டியபின் இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. ரத்தத்தில் டையாக்சின் கூடியிருந்தவர்களிடம் அபாயமும் கூடியது. நினைவை நம்பாமல், காகிதக் குறிப்பை நம்பாமல், உடலிலேயே அளந்து பெற்ற சான்று என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். வல்லுநர் குழு 2018இல் எம்ஜியுஎஸ்ஸை மேல்படிக்கு உயர்த்தியது.

நுரையீரல், மூச்சுக்குழாய், குரல்வளை, சிறுநீர்ப்பை, புராஸ்டேட் புற்றுநோய்கள் இரண்டாம் படியில், வரம்புக்குட்பட்ட சான்றோடு இருக்கின்றன. நுரையீரலில் புகைப்பழக்கம் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. படைவீரர்களுக்கு உணவுப் பொட்டலத்தோடு சிகரெட்டும் கொடுத்த காலம் அது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றி 25 லட்சம் முன்னாள் வீரர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2023இல் வந்த ஆய்வில் அபாயம் 4 விழுக்காடு அளவே கூடியிருந்தது. மிகச் சிறிய உயர்வுதான். ஆனாலும் நாடாளுமன்றம் 2021இலேயே அந்த நோயைப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

உங்கள் மாமனாரின் நோய்க்கு வருகிறேன். புராஸ்டேட் புற்றுநோய் 1996 முதல் பட்டியலில் இருக்கிறது. அமெரிக்க ஆண்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு வாழ்நாளில் வரும் நோய் இது. வியட்நாமுக்குப் போகாதவர்களுக்கும் வரும். வடக்குக் கலிபோர்னியாவில் 13 ஆயிரத்துக்கும் அதிகமான முன்னாள் வீரர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2008இல் வெளியான கட்டுரையில், களைக்கொல்லிக்கு ஆளானவர்களில் 239 பேருக்கும் ஆளாகாதவர்களில் 124 பேருக்கும் இந்தப் புற்றுநோய் இருந்தது. இரு சாராரின் மொத்த எண்ணிக்கையும் ஏறக்குறையச் சமம். இதற்கு ஒரு மறுப்பு உண்டு: ஆளானவர்கள் என்று பதிவுசெய்துகொண்டவர்களை மருத்துவர்கள் அதிகமாகச் சோதிப்பார்கள், சோதித்தால் அதிகம் கண்ணில் படத்தான் செய்யும். நியாயமான மறுப்புதான். ஆனால் அதிகம் சோதித்தால் நோய் தொடக்க நிலையில் அகப்பட வேண்டும். அந்த ஆய்வில் நடந்ததோ நேர்மாறு. கண்டறியும்போதே வேறு உறுப்புக்குப் பரவிவிட்டவர்கள் ஆளானவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர், மற்றவர்களில் நான்கு பேர். ஓரிகன் மாநிலத்தில் திசுச் சோதனைக்கு அனுப்பப்பட்ட 2,720 வீரர்களை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டு ஆய்வும் இதே திசையைக் காட்டியது. மொத்த அபாயம் 52 விழுக்காடு கூடுதல், வேகமாக வளரும் வகையில் உயர்வு அதைவிடவும் அதிகம். மறுபுறம், மருந்தைக் கையால் தொட்ட ராஞ்ச் ஹேண்ட் வீரர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் ஒட்டுமொத்தமாகக் கூடியதாகத் தெளிவாகத் தெரியவில்லை. அவர்கள் சுமார் 1,200 பேர்தான் என்பதும், ஒப்பிடப்பட்டவர்களும் அதே பகுதியில் பணியாற்றியவர்கள் என்பதும் அதற்கு ஓரளவு காரணமாகலாம். முழுக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். இதனால்தான் வல்லுநர் குழு இந்த நோயை இன்னும் இரண்டாம் படியிலேயே வைத்திருக்கிறது.

அபாயம் ஒன்றரை மடங்கு என்பதை அப்படியே ஏற்றுக்கொண்டால், உங்கள் மாமனாருக்கு அதன் பொருள் இது: அவரைப் போல அங்கே பணியாற்றி இந்த நோய் கண்ட மூன்று பேரை வரிசையாக நிறுத்தினால், இருவருக்கு வியட்நாமுக்குப் போகாவிட்டாலும் வந்திருக்கும், ஒருவருக்கு அங்கே போனதால் வந்தது. அந்த ஒருவர் யார் என்று கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தும் சொல்ல முடியாது, மரபணுவைப் படித்தும் சொல்ல முடியாது. மூவருக்கும் கொடுத்தால்தான் அந்த ஒருவருக்குக் கட்டாயம் கிடைக்கும். சட்டம் அதைத்தான் செய்கிறது.

இந்த நிச்சயமின்மை எவ்வளவு கனமானது என்பதற்கு ஜும்வால்ட் குடும்பத்தைவிட வேறு சான்று எனக்குத் தெரியாது. அட்மிரல் எல்மோ ஜும்வால்ட் 1968 முதல் வியட்நாமில் அமெரிக்கக் கடற்படைக்குத் தலைவராக இருந்தார். மேகாங் கழிமுகத்தின் குறுகலான ஆறுகளில் செல்லும் சிறு படகுகள் மீது எதிரிகள் கரையோரப் புதர்களிலிருந்து சுட்டார்கள். கரைகளை மொட்டையாக்க அவர் களைக்கொல்லி தெளிக்கச் சொன்னார். அந்தப் படகுகளில் ஒன்றுக்குத் தளபதி அவருடைய மகன், மூன்றாம் எல்மோ ஜும்வால்ட். மகனுக்கு 1983இல் லிம்போமாவும் பின்னர் ஹாட்ஜ்கின் நோயும் வந்து 1988இல் நாற்பத்திரண்டு வயதில் இறந்தார். தன் உத்தரவே மகனைக் கொன்றது என்று தந்தை நம்பினார். ஆனாலும் படகுகளில் இருந்தவர்களின் உயிரிழப்பைக் குறைத்தது என்பதால் அந்த உத்தரவைத் தவறென்று சொல்லவில்லை. நோய்கள் பட்டியலில் சேர 1990இல் அரசுக்கு அவர் அளித்த அறிக்கையும் உதவியது. தன் உத்தரவு மகனைக் கொன்றது என்பதையும், அது தவறல்ல என்பதையும் ஒரு மனிதர் சேர்த்துச் சுமந்தார்.

பட்டியலுக்கு வெளியே நிற்பவர்களையும் சொல்ல வேண்டும். ஹெலிகாப்டர் பணியாளராக இருந்த பால் ரூட்டர்ஷான், தன் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஏஜென்ட் ஆரஞ்சுதான் காரணம் என்று 1978இல் பொதுவெளியில் சொல்லி, வழக்குத் தொடுத்து, அதே ஆண்டு இருபத்தெட்டு வயதில் இறந்தார். வீரர்கள் இயக்கமாகத் திரண்டதும், ஏழு வேதி நிறுவனங்கள் 1984இல் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலேயே 18 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்ததும் அவர் தொடங்கிய வேலையின் தொடர்ச்சி. பெருங்குடல் புற்றுநோய் இன்றுவரை பட்டியலில் இல்லை. சான்று போதாது என்பது அறிவியல்படி சரி. ஆனால் போதாத சான்று என்பது தொடர்பில்லை என்பதற்கான சான்று ஆகாது; மூளைப் புற்றுநோயால் இறந்த வீரர்களின் மனைவிமார் பலர் இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள்.

எந்த இடத்தில் பணியாற்றியவர்களுக்கு இந்த அனுமானம் பொருந்தும் என்பதும் அப்படியே இழுபறியாக விரிந்தது. கரையேறாமல் கப்பலிலேயே இருந்தவர்களுக்கு இல்லை என்று பல ஆண்டுகள் மறுக்கப்பட்டு, அவர்களில் ஒருவரான புரோக்கோப்பியோ தொடுத்த வழக்கின் தீர்ப்புக்கும் 2019இல் வந்த சட்டத்துக்கும் பின் 12 கடல் மைல் வரை ஏற்கப்பட்டது. தாய்லாந்துத் தளங்கள், லாவோஸ், கம்போடியாவின் சில பகுதிகள், குவாம், அமெரிக்கச் சமோவா, ஜான்ஸ்டன் தீவு ஆகியவை நச்சுப் பொருள்களுக்கு ஆளான வீரர்களுக்காக 2022 ஆகஸ்டில் வந்த பேக்ட் சட்டத்தால் சேர்ந்தன. தென்கொரியா தன் வியட்நாம் வீரர்களுக்குத் தனிச் சட்டம் வகுத்தது. ஆஸ்திரேலியாவில் 1985இல் அரச ஆணையம் ஏஜென்ட் ஆரஞ்சு குற்றமற்றது என்று அறிவித்தது. இருபது ஆண்டுகள் கழித்து அந்நாட்டின் சொந்த ஆய்வே வியட்நாம் வீரர்களுக்குப் புற்றுநோய் 15 விழுக்காடு கூடுதல் என்று கண்டது. அந்த மருந்து யார் மண்ணில் கொட்டப்பட்டதோ அந்த வியட்நாமிய வீரர்களும் குடியானவர்களும் தொடுத்த வழக்கு 2005இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. ஸ்டெல்மன் குழுவின் கணக்குப்படி, தெளிப்பு நடந்த ஊர்களில் குறைந்தது 21 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு எந்த அனுமானமும் இல்லை. சட்டத்தைப் பாராட்டி எழுதும்போது இதை விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை.

நம் ஊரில் நெல்லுக்கும் கரும்புக்கும் அடிக்கும் 2,4-டியும் இதுவும் ஒன்றா என்று சிலர் கேட்பதுண்டு. கலவையின் ஒரு பாதி அதுதான். ஆனால் டிசிடிடி வந்தது மறுபாதியிலிருந்து. 2,4-டியை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற கீழ்ப்பிரிவில் வைத்தது. கையுறையும் முகமூடியும் இல்லாமல் அடிக்கலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. வியட்நாமின் கதையை அப்படியே இதற்குப் பொருத்துவதும் சரியில்லை.

உங்கள் மனைவியின் அச்சத்துக்கு விடை ஓரளவு ஆறுதலானது. தந்தை ஆளானதால் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வரும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை. வீரர்களின் பிள்ளைகளுக்கு வரும் ஸ்பைனா பிஃபிடா என்ற முதுகுத்தண்டுப் பிறவிக் குறைபாட்டுக்கு 1996இல் சட்டம் உதவி வழங்கியது. பின்னாளில் வல்லுநர் குழு அதையும் போதாத சான்று என்ற படிக்கு இறக்கிவிட்டது. உதவி மட்டும் தொடர்கிறது. தந்தைக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வந்திருப்பதால், களைக்கொல்லியைப் பற்றி யோசிக்காமலே, மனைவியின் சகோதரர்கள் தங்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லிப் பிஎஸ்ஏ என்ற புராஸ்டேட் ரத்தச் சோதனையை எந்த வயதில் தொடங்கலாம் என்று கேட்பது நல்லது.

மாமனார் இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் தாமதிக்க வேண்டாம். அவர் வியட்நாம் மண்ணில் இருந்ததைக் காட்டும் டிடி-214 என்ற ராணுவப் பணிவிடுப்புப் படிவமும், திசுச் சோதனை அறிக்கையும் போதும். காரணத்தை நிரூபிக்கும் மருத்துவர் கடிதம் தேவையில்லை. முன்னாள் படைவீரர் நலத்துறை, நோய் தீவிரமாக இருக்கும்போதும் சிகிச்சை முடிந்து ஆறு மாதம் வரையும் இதை நூறு விழுக்காடு ஊனமாகக் கணக்கிடுகிறது, அதன்பின் மறுபரிசோதனை. அந்தத் துறையின் ஏஜென்ட் ஆரஞ்சு பதிவேட்டுக்கான இலவச உடல் பரிசோதனையையும் கேளுங்கள். அது இழப்பீட்டு விண்ணப்பம் ஆகாது, இரண்டையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய ரத்தக்குழாய் அடைப்பு, தைராய்டு குறைவு, பார்க்கின்சன் நோய் ஆகியவையும் பட்டியலில் இருப்பதால், அவருக்கு இருப்பவற்றையெல்லாம் அதே விண்ணப்பத்தில் எழுதச் சொல்லுங்கள். பலர் புற்றுநோயை மட்டும் எழுதிவிட்டு, இருபது ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டுவரும் சர்க்கரையை விட்டுவிடுகிறார்கள்.

அவர் பேசும் நிலையில் இருக்கும்போதே ஒரு மாலை உடன் உட்கார்ந்து, எந்த மாதம் போனார், எந்தப் பிரிவு, பட்டறை தளத்தின் எந்த மூலையில் இருந்தது, பீப்பாய்களைப் பார்த்தாரா, உடன் இருந்தவர்கள் யார் என்று கேட்டு எழுதித் தேதியிட்டு வையுங்கள். பியன் ஹோவாவுக்கு இன்றைய சட்டப்படி இவ்வளவு தேவைப்படாது. ஆனால் இந்தப் பட்டியல் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. பட்டியலில் உள்ள நோயால் ஒருவர் இறந்தால் அவருடைய மனைவிக்கும் மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. அந்த விண்ணப்பத்தை நிரப்பும் நாள் வந்தால், உங்கள் மாமியார் கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும்.